ஹைட்ரஜனுக்கு மரியாதை தெரியாது

அன்புள்ள கண்ணு,

கோயம்புத்தூர்க் கணபதி வட்டாரத்துச் சக்கரவர்த்தியும், கொங்குச் சீமையில் ஓடுகிற பாதி மோட்டார் பம்புகளைப் பெற்ற தகப்பனும், ஒரு தரம் இருமினால் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிச் சுவரெல்லாம் கிடுகிடுக்கும் என்று பெயர் வாங்கியவனுமாகிய உன் அப்பன் எழுதுவது. சக்கரவர்த்தி இப்போது சிங்காதனத்தில் சாய்ந்திருக்கிறார். சிங்காதனம் என்றால் கட்டில். கிரீடம் என்றால் மூக்கில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழாய். குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டே இருக்கிறது. அது வந்த நாளிலிருந்து நம் தெரு நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டன. தங்களைவிடப் பெரிய பிராணி ஒன்று இந்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டது என்று பயப்படுகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். போனிலேயே திருத்தியிருக்கலாமே என்பாய். உன் குரல் கேட்டதும் எனக்குள் இருக்கும் நாடகக்காரன் எழுந்துகொள்கிறான், கண்ணு. அவனை உட்கார வைக்க எனக்குத் தெம்பில்லை. அதுவும் போக, நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச இப்போது மூச்சு கிடையாது. எழுதுவதற்கு மூச்சு வேண்டாம். எழுதுகிறேன், படுக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவே சில சமயம் ஒரு நாள் போயிருக்கிறது.

நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வார்ப்பைத் தட்டி, மணலை உதிர்த்து, பிசிறைக் கிரைண்டரில் தேய்த்த காலமெல்லாம் நான் இழுத்த தூசி எங்கேயும் போகவில்லை. நெஞ்சுக்குள்ளேயே தங்கி, காரை பூசியது போல் இறுகிவிட்டது. அது இளகாது. இப்போது தருகிற மருந்து இருமலுக்குத்தான், நெஞ்சுக்கு இல்லை. ஆடி தாண்டுவது சந்தேகம் என்கிறார் டாக்டர். அங்கே உன் வேலை சீசன் முடிவது கார்த்திகையில். நடுவே இருக்கிற மாதங்களை யாரும் சுருக்கித் தர முடியாது. இதை உன் அம்மா உன்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உன் வேலையைப் பற்றி நம் தெருவில் நான் அவிழ்த்துவிட்ட கதைகளில் பாதி உனக்குத் தெரியாது. சிலி நாட்டுப் பாலைவனத்தில், மேகம் ஏற மறுக்கும் மலையுச்சியில், வானத்துக்கு நாடா பிடித்து அளக்கும் உத்தியோகம் என் மகளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர், “எத்தனை சென்ட் வருதுங்க மாமா?” என்று கேட்டார். “அளந்து முடிக்கறதுக்குள்ள அது வளந்துபோடுதுங்க, அதான் வேலை இழுத்துட்டே போவுது” என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தவன் என்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நீ போனில் சிரித்தாய்.

அந்த வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது திம்பம் மலைப்பாதையில்தான். சத்தியமங்கலம் தாண்டி, நம் வேனில் மூன்று பேரும் ஏறிக்கொண்டிருந்தோம். பட்டப்பகலில் பனிமூட்டம். மேலே வளைவில் ஒரு லாரி விளக்குப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தது. மரங்களுக்கு நடுவே அந்த வெளிச்சம் வெட்டி வெட்டித் தெரிந்தது. நீ முன்சீட்டில் துள்ளினாய். “அப்பா, அப்பா, அதேதானுங்ப்பா! அந்த லாரி லைட்டுதான் குவாசார்!”

“லாரிக்காரன்கிட்டச் சொல்லாத கண்ணு. பேர் நல்லாருக்குதுன்னு பின்னாடி எழுதிப்போடுவான்.”

“சித்தெ கேளுங்ப்பா. குவாசார்னா ரொம்ப ரொம்பத் தொலைவுல எரியற வெளக்கு. அதோட வெளிச்சம் நம்ம கிட்ட வர்ற வழியெல்லாம் ஹைட்ரஜன் வாயு மேகம் நிக்குது, இந்த மரமாட்ட. ஒவ்வொரு மேகமும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் தின்னுபோடும். வர்ற வெளிச்சமோ வழி நெடுக நீண்டுகிட்டே வருது, ஏன்னா வானமே விரியுது. அதனால ஒவ்வொரு மேகம் கடிச்ச எடமும் ஒவ்வொரு அளவுக்குத் தள்ளி விழும். பக்கத்து மேகம் கடிச்சது கொஞ்சம் தள்ளி, தூரத்து மேகம் கடிச்சது ரொம்பத் தள்ளி. கடைசியா நாங்க பாக்கறப்ப, வெளிச்சம் பூரா கடிபட்ட எடம். அதுக்குப் பேரே காடுதான்.”

“காட்டுல யானை இருக்குமா?”

“யானையும் பாதிக்கு மேல ஹைட்ரஜன்தானுங்ப்பா. அணுவை எண்ணிப் பாத்தா.”

பின்சீட்டிலிருந்து உன் அம்மா, “ரெண்டு பேரும் ரோட்டைப் பாருங்க” என்றாள். உன் அம்மா கோபித்தால் சிறுவாணி ஆறே திரும்பி மலை ஏறிவிடும் என்பதால் நான் ரோட்டைப் பார்த்தேன். ஆனால் காதை உன் பக்கம் வைத்திருந்தேன். அந்தக் காட்டை இன்றைக்கு ஒரு தரம் அளக்க வேண்டும் என்றாய். வருஷக்கணக்காகக் காத்திருந்து, ஒரு தலைமுறை போன பிறகு, அதே காட்டை மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொரு மரமும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வானம் விரிகிற வேகம் மாறுவதை நேருக்கு நேர் பிடித்துவிடலாம். அந்த மாற்றம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். பத்து வருஷம் சேர்த்து வைத்தாலும் ஓர் எறும்பு ஊர்கிற வேகம்தான் என்றாய். பிரபஞ்சத்தையே உருட்டி விளையாடும் கூட்டம் கடைசியில் எறும்பைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது என்று அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோஷம்.

எனக்கும் அளவைக்கும் பழைய பகை இருக்கிறது. ஞாபகம் இருக்கிறதா, ஆறாம் வகுப்பில் உன் ஸ்கேலைத் தொலைத்துவிட்டு, நம் பட்டறையில் மர அச்சு செய்கிறவரின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனாயே? வார்ப்பு ஆறும்போது இரும்பு சுருங்கும். அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே கொஞ்சம் நீட்டி அடித்த அங்குலம் உள்ள ஸ்கேல் அது. உலகத்துக்கு ஓர் அங்குலம், பவுண்டரிக்கு வேறு அங்குலம். நீ போட்ட கோடெல்லாம் அழகு, எல்லாமே ஒரு நூல் அளவு நீளம் கூடுதல். கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “ஏனுங்க, புள்ள சுத்தமாப் போடுது, ஆனா எந்தக் கோடும் சரியில்லீங்களே?” நான் நெஞ்சை நிமிர்த்தி, “அது ஆறுனா செரியாப் போயிருங்க டீச்சர்” என்றேன். அவர் வீட்டுக்குப் போய் எவ்வளவு நேரம் யோசித்தாரோ.

அந்த ஸ்கேலை நினைத்துக்கொண்டுதான் நீ கிளம்புவதற்கு முன்னால் கேட்டேன். “எல்லாமே நீண்டுகிட்டுப் போவுதுன்னா உன்ற ஸ்கேலும் நீளுமே கண்ணு. அப்புறம் எதை வெச்சு அளப்ப?” மேதை மாதிரிக் கேட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டேன். முதல் வருஷத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்கிற கேள்வி என்று நீ மெதுவாகப் போட்டு உடைத்தாய். பிறகு சொன்னாய்: அணு நீளாது. ஹைட்ரஜன் அங்கே தின்கிற நிறமும் இங்கே, நம் கணபதியில், தின்கிற நிறமும் ஒன்றுதான். அன்றைக்கும் அதேதான், இன்றைக்கும் அதேதான். எந்த மூலையில் நிறுத்திக் கேட்டாலும் அதே பதில். கேட்கிற ஆள் யார், அவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. “அதுக்கு மரியாதை தெரியாதுங்ப்பா. அதனாலதான் அதை நம்பறோம்.”

கொங்கு நாட்டில் பிறந்த எவனும் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் போகிறோம். “சாப்பிடுங்க” என்கிறார்கள். பசியில் கண் இருட்டினாலும், “இல்லீங்க, இப்பத்தான் சாப்டுபோட்டு வந்தனுங்க” என்பதுதான் முறை. அது பதிலே இல்லை. கதவைத் தட்டும் சத்தம் மாதிரி. வீட்டுக்காரர் மறுபடி கேட்க வேண்டும். நாம் மறுபடி மறுக்க வேண்டும். அவர் கையைப் பிடித்து இழுத்து இலைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். அப்புறம்தான் பசி என்ற உண்மையை வெளியே எடுக்கலாம். ஒரே கேள்வியில் உண்மையைச் சொல்கிறவனை நம் ஊரில் பட்டிக்காட்டான் என்பார்கள்.

மூச்சு வாங்க ஆரம்பித்த புதிதில், உன் அம்மா பிடுங்கல் தாங்காமல் ஒரு டாக்டரிடம் போனேன். வடக்கே எங்கேயோ படித்துவிட்டு வந்தவர், நல்ல பையன். “மாடி ஏறும்போது மூச்சு வாங்குதா?” என்றார். முதல் தடவை கேட்கிறார் அல்லவா? “அதெல்லாம் இல்லீங்க, தேவலைங்க” என்றேன். அவர் மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். “சளி?” “பரவால்லீங்க.” அதையும் எழுதிக்கொண்டார். “எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமா?” என்றார். “உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்” என்றேன். அந்த இடத்திலாவது கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். நம் பக்கத்து மனிதராக இருந்திருந்தால் இழுத்திருப்பார். இவர், சரி என்று சொல்லி இருமல் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது, நம்பினார். அடுத்த தரம் போகும்போது முருங்கைக்காய் ஒரு கட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதும் தேவலை என்றேன். பத்து படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள், தேவலை தேவலை என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன்.

இப்போது பார்க்கிற பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. என் மகளுக்கு ஓர் ஆகாசம் என்றால் எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஆரம்பத்துல எடுத்த படம் ஏதாவது இருக்குதுங்களா? எவ்வளவு வேகமாப் போயிருக்குன்னு பாக்கணும்” என்றார். இல்லை. முதல் அளவை நான்தான் எடுக்க விடவில்லையே. தூசியை விட்டு அன்றைக்கே விலகியிருந்தால் இத்தனை சீக்கிரம் வந்திருக்காது என்று அவர் சொல்லாமல் சொன்னார். உன் அம்மா அவரைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் போன் பேச்சுக்கு வருகிறேன். நீ கேட்டாய், “நான் அங்க வந்துரட்டுங்களாப்பா?” என்று. வந்தால் உன் இடம் போய்விடும் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தாய். முதல் அளவு இந்த சீசனில்தான் எடுக்கிறார்கள். கருவியை ஒரு மயிரிழை அசையாமல் காக்கிற ஆள் நீ. நடுவில் விட்டுவிட்டு வந்தால் அந்த நாற்காலியில் வேறு ஆள். ஒப்பந்தம் அப்படி, திரும்பிப் போக வழி கிடையாது. அத்தனையையும் வைத்துக்கொண்டு நீ கேட்டாய். நான், “உன்ற இஷ்டம் கண்ணு. இங்க எல்லாம் தேவலை” என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன், கண்ணு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க மூச்சே இல்லாதவன் பிடித்துக்கொண்டு, நீ இரண்டாம் தரம் கேட்பாய் என்று காத்திருந்தேன். “செரிங்ப்பா. அப்ப நான் சீசன் முடிச்சுபோட்டு வாரேன்” என்றாய். உன் குரலில் பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது. இத்தனை வருஷம் வெளியே இருந்து, ஒரு தரம் கேட்டு ஒரு தரம் பதில் வாங்கிப் பழகிவிட்டாய். அது நல்ல பழக்கம். அதை மாற்றிக்கொள்ளாதே. உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். யாராவது உன்னிடம் பசிக்கிறதா என்று கேட்டால் பசிக்கிறது என்று சொல். வலிக்கிறதா என்று கேட்டால் எந்த இடம் என்று சொல். நாளைக்கு உனக்கு ஒருவன் வாய்த்து, நீ என்ன கேட்டாலும் தேவலை என்றே சொன்னால், பத்திரம். அவன் என் ஜாதகக்காரன்.

போனை வைத்ததும் உன் அம்மா வந்தாள். “ஏனுங்க, புள்ள என்ன கேட்டுச்சு, நீங்க என்ன சொன்னீங்க?”

“இஷ்டம்னேன்.”

“அது ஒரு பதிலுங்களா?”

“நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப சரசு?”

“நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கறேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நல்லாருக்குது என்றேன். பார், இந்த வியாதிக்கு மருந்தே இல்லை.

ஒரு தடவை நீ சொல்லியிருக்கிறாய், வானம் இப்படியே வேகம் எடுத்துக்கொண்டு விரிந்தால் ஒரு காலத்தில் தூரத்து வெளிச்சமெல்லாம் ஒவ்வொன்றாக எட்டாமல் போய்விடும், அப்புறம் அளக்க வருகிறவர்கள் கண்ணில் அளக்க எதுவும் படாது என்று. அதற்குள் நம்ம ரோட்டுப் பாலத்து வேலை முடிந்துவிடுமா என்று கேட்டு உன்னைச் சிரிக்க வைத்தேன். அன்றைக்குச் சிரிப்புக்காகத்தான் கேட்டேன். இப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு யோசித்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. உன் இரண்டாவது அளவு வரும்போது நீ கிழவியாகியிருப்பாய். பதில் சரியாக வரலாம், வராமலும் போகலாம். வந்தால் எல்லாம் எவ்வளவு வேகமாக விலகிப்போகிறது என்பது துல்லியமாகத் தெரியும். விலகுவது நிற்காது. இதற்காக நீ இளமையைக் கொடுக்கிறாய். நான் அதைக் குறை சொல்லவில்லை. இந்த ஊர்ப் பம்புகளுக்காக நானும் நெஞ்சைக் கொடுத்தவன்தான். கொடுத்ததற்கு என்ன வந்தது என்று கேட்காதே. தண்ணீர் வந்தது. இப்போது அதுவும் பல கிணற்றில் இல்லை.

ஆகையால், நீ கேட்ட கேள்விக்குப் பதில். நீயே இரண்டாம் தரம் கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். வா.

வந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் அலங்காரம் செய்து சொல்லப்போவதில்லை. நீ வந்தாலும் நான் பிழைக்க மாட்டேன். நீ இங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆக்சிஜன் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதை அம்மா பார்த்துக்கொள்கிறாள். நீ கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அங்கே உன் நாற்காலி போகும். கொஞ்ச நாளில் நானும் போவேன். இரண்டும் போன பிறகு இந்த வீட்டில் நீயும் அம்மாவும், உன் கையில் நிறைய வருஷங்களும் மிஞ்சும். அந்த வருஷங்களை வைத்து என்ன செய்வது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சரவணம்பட்டியில் வேலை கிடைக்கும். அது நீ ஆசைப்பட்ட வேலையாக இருக்காது. என்றைக்காவது ஒருநாள் அந்த மலையில் எடுத்த முதல் அளவைப் பற்றிப் பேப்பரில் வரும். அதில் உன் பெயர் இருக்காது. அன்றைக்கு நீ என்னைத் திட்டுவாய். திட்டு. நான் அந்தப் பக்கம் இருந்து மறுத்துப் பேச மாட்டேன்.

நல்ல தகப்பன் வேறு மாதிரி எழுதுவான், தெரியும். நீ பறந்து போ மகளே, என்னை எண்ணாதே என்று எழுதுவான். அப்படி ஒன்றை நானும் எழுதினேன். பிரமாதமாக வந்தது. படித்துவிட்டு நானே அழுதேன். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லாததால் கிழித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. ராட்சச உலைக்கு முன்னால் சட்டையில்லாமல் நின்றவன், இரும்பைத் தண்ணீர் மாதிரி ஊற்றியவன் என்று உன்னிடம் அளந்திருக்கிறேன். அதெல்லாம் உண்மைதான். இதுவும் உண்மை. மூச்சு உள்ளே போகாமல் திரும்புகிற நேரத்தில் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவளும் பயந்துதான் பிடிக்கிறாள். இன்னொரு கை வேண்டும்.

நான் கேட்பது நியாயமா என்று தெரியவில்லை. நியாயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதையும் தெரிந்துகொண்டே கேட்கிறேன். வர முடியாது என்றால் முடியாது என்று ஒரே வார்த்தையில் எழுது. நான் தாங்குவேனா என்று கணக்குப் போடாதே. வருவதாக இருந்தால் தாமதிக்காதே. இரண்டு விமானம் மாறி, மூன்று விமானம் மாறி எப்படியோ கோயம்புத்தூரில் வந்து இறங்கு. அழைக்க நான் வர முடியாது, அம்மா வருவாள்.

பகலில் வந்து சேர்கிற மாதிரிப் பார். பொழுது இறங்கினால் எனக்குப் பேச மூச்சு இருப்பதில்லை.

உன் அப்பா